பெட்டியில் வந்த படகு

மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம் அதற்காக அழுததாகத் தகவல் இல்லை. மரக்காணத்தில் அடுத்தவன் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் பலகை இழுக்க ஆரம்பித்து, வரப்பு வரப்பாக முன்னேறினேன். இன்று கழிமுகத்தை ஒட்டி என் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் என்னுடைய பாத்திகள்தான். பார்வை இப்போது கொஞ்சம் மங்கல் என்பது வேறு விஷயம். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்வது நன்றாக இல்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள். வேறு யாரும் சொல்வதில்லை. அப்புறம் நான் சொல்லாமல் என்ன செய்வது?

இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. எந்த நேரத்தில் கடல் தண்ணீர் கழிக்குள் ஏறும், எப்போது வற்றும், மழைக்குப் பிறகு கழுவேலி ஏரித் தண்ணீர் எத்தனை நாளைக்குச் சப்பென்று இருக்கும், எல்லாம் நாக்கில் வைத்தே சொல்வேன். அப்பேர்ப்பட்ட எனக்குத் தண்ணீரில் எப்படிப் போக வேண்டும் என்று காட்டுவதற்காக, கனடாவிலிருந்து ஒரு படகு பெட்டிக்குள் மடிந்து படுத்துக்கொண்டு விமானத்தில் வந்து சேர்ந்தது. கூட்டிக்கொண்டு வந்தவர் என் மாப்பிள்ளை.

என் ஒரே மகளைக் கட்டியவர். கல்யாணத்துக்குப் பிறகு சென்னையில் இருந்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வேலையாக, மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஏதோ ஒரு கனடா ஊருக்கு அவர் மட்டும் போனார். மகளும் பேத்தியும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு என்று சொன்னது நீண்டுகொண்டே போனது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காலையில் மகள் கையால் காபி, சாயங்காலம் பேத்தியின் ரகளை. மாப்பிள்ளை தினமும் போனில் தெரிந்தார். போனுக்குள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். அங்கேயே இருந்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு நேரில் வந்துவிட்டார்.

எதற்கு வந்தார் என்பது ஊருக்கே தெரியும். பெண்டாட்டி பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போக. ஆனால் என் மகள் அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். "எங்கப்பா வாயால போய்ட்டு வான்னு சொல்லட்டும், மறுநாளே பெட்டி கட்டுறேன்." இதை என் வீட்டுக்காரி என் காதில் போட்டுவிட்டாள். ஆக, எல்லாம் என் வாயில் வந்து நின்றது. என் வாய் எதற்கெல்லாமோ திறக்கும், ஊரில் கேட்டுப் பாருங்கள். இதற்கு மட்டும் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அது ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மாமனார் எதிரில் உட்கார்ந்து எதையும் கேட்டுவிட மாட்டார். நான் கூடத்தில் இருந்தால் அவர் வாசலில் இருப்பார். நான் வாசலுக்கு வந்தால் அவருக்குக் கொல்லையில் வேலை வந்துவிடும். "சாப்டீங்களா மாமா?" "ஆச்சி மாப்ள." கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை இந்த அளவில்தான் நின்றது. இந்த முறை அவர் கொஞ்சம் துணிந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வருவார். உடனே எனக்கு உப்பளத்து மோட்டார் ஞாபகம் வந்துவிடும். அந்த வாரம் என் மோட்டார் ரிப்பேர் ஆனது போல ஆயுசுக்கும் ஆனதில்லை.

அப்போதுதான் மனிதர் பெட்டியைத் திறந்தார்.

சாக்லேட்டும் சென்ட்டும் இருக்கும் என்று என் வீட்டுக்காரி அக்கம்பக்கத்துக்கு ஏற்கெனவே பங்கு பிரித்து வைத்திருந்தாள். பெட்டியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் மூட்டை வந்தது. மூட்டைக்குள் மூன்றாக மடித்த துடுப்பு, ஒரு தூண்டில் கோல், தண்ணீரில் முழுகாமல் மிதக்கவைக்கிற ஆரஞ்சுக் கலர் மேல்சட்டை இரண்டு, காற்றடிக்கிற பம்பு. எல்லாவற்றையும் உப்பளத்து மேட்டுக்கு எடுத்து வந்து பம்பை மிதிமிதி என்று மிதித்தார். பெரிய வெண்டைக்காய் போல ஒன்று உப்பி எழுந்தது.

அது பாத்தி மிதிக்கிற காலம். மழை முடிந்ததும் சேற்றை வழித்துப்போட்டு, ஆட்கள் கைகோத்து வரிசையாக நின்று வெறுங்காலால் தரையை மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும். அந்த வரிசை அப்படியே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி ஒரு அம்மாள். நானும் அவளும் ஒரே காலத்தில் கூலிக்கு வந்தவர்கள். நான் முதலாளி ஆன செய்தி அவள் காதுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

"ஏம்பா மாப்ள, அந்த ஊர்ல மரமே இல்லையா? காத்த அடைச்சி படகு வுடுறீங்க?" என்றாள்.

"மரம்தாங்க இருக்குது, வேற ஒண்ணுமே இல்ல," என்றார் மாப்பிள்ளை. "இது கயாக். அங்க மல மேல ஏரி இருக்கு. இதுல ஒக்காந்து மெதுவா துடுப்புப் போட்டுட்டே போவேன். பின்னாடி தூண்டில் இழுத்துட்டே வரும். ட்ரோலிங்னு சொல்லுவாங்க. ரெயின்போ ட்ரவுட்டுனு ஒரு மீன், அது வந்து கடிக்கும்."

போனில் அந்த மீனைக் காட்டினார். வெள்ளி உடம்பில் நீளமாக ஒரு ரோஸ் கோடு. உதட்டுக்குப் பூசப்போன சாயம் கை தவறி இடுப்பு வரைக்கும் இழுத்துவிட்டது போல இருந்தது.

"புடிச்சி கொழம்பு வப்பீங்களா, வறுப்பீங்களா?" மேஸ்திரி அம்மாளுக்கு எப்போதும் காரியத்தில்தான் கண்.

"திருப்பி தண்ணியில விட்டுடுவேன்."

வரிசையே சிரித்தது. "அண்ணே," என்று என் பக்கம் திரும்பினாள். "ஒன் மாப்ள மீன கூப்ட்டு நலம் விசாரிச்சிட்டு அனுப்புறாரு."

எனக்கும் சிரிப்புதான். அங்கேதான் மாப்பிள்ளை ஒரு தூண்டிலைப் போட்டார். "மாமா, இங்க கழியில கொடுவா மீன் இருக்குதாமே. நாளைக்கு நீங்களும் வாங்களேன். ரெண்டு பேர் ஒக்காரலாம்."

நான் மோட்டாரை நினைத்துக்கொள்வதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டாள். "அண்ணன் எங்கப்பா வரும். அதுக்குத் தண்ணின்னா மோட்டார்ல வர்ற தண்ணிதான்."

இத்தனை ஆட்கள் முன்னால், என் வரப்பில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து. "வர்றேன் மாப்ள," என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு வெண்டைக்காய், அதில் நானும் அவரும். எழுந்துபோக மோட்டார் கிடையாது. மூன்றாம் வகுப்பு படித்த எனக்கே இந்தக் கணக்கு வீட்டு வாசலில்தான் புரிந்தது என்றால், மாப்பிள்ளை படிப்பில் கெட்டிக்காரர்தான்.

மறுநாள் விடிந்ததும் கழிக்கரைக்குப் போனோம். காற்று இல்லை. தண்ணீர் தகடு போலக் கிடந்தது. மாப்பிள்ளை ஆரஞ்சுச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார். இடுப்பளவு தண்ணீருக்கு அப்படி ஒரு சட்டை. "ரூல்ஸ் மாமா," என்றார். எங்கள் கழியில் மீனுக்கும் நண்டுக்கும் தெரியாத ரூல்ஸ்.

பிறகு ஏறி உட்காரப் போனோம். அங்கேதான் வந்தது வில்லங்கம்.

அந்தப் படகில் ஒருவர் பின் ஒருவராகக் காலை நீட்டி உட்கார வேண்டும். முன்னால் நான், பின்னால் அவர் என்றால் அவருடைய இரண்டு காலும் என் இடுப்பில் வந்து இடிக்கும். மாப்பிள்ளை உட்கார்ந்து பார்த்தார். தேள் கொட்டியது போல எழுந்துவிட்டார். "ஐயோ மாமா, கால் படுது உங்க மேல. நீங்க பின்னாடி ஒக்காருங்க."

நான் பின்னால் உட்கார்ந்தால் என் கால் அவர் மேல் படும். எங்கள் சனத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது பெண்ணின் தம்பி. என் மகளுக்குத் தம்பி இல்லை என்பதால் நானே தாம்பாளத்தில் வைத்துக் கழுவினேன். கையால் கழுவிய மனிதரைக் காலால் இடித்துக்கொண்டு ஊர்கோலம் போவதா?

"அது சரிப்படாது மாப்ள. நீங்களே பின்னாடி ஒக்காருங்க."

"இல்ல மாமா, நீங்க."

"அட, நீங்க ஒக்காருங்க."

வரப்பில் வேலைக்குப் போகிற சனம் நின்றுவிட்டது. மேஸ்திரி அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டு பேரும் கரையிலேயே ஒக்காந்துக்குங்க. படகு மட்டும் போய்ட்டு வரட்டும்," என்றாள்.

கடைசியில் யோசனை சொன்னது நான்தான். முன் இருக்கையைக் கழற்றித் திருப்பிப் போடச் சொன்னேன். நான் படகின் மூக்குக்கு முதுகைக் காட்டி, மாப்பிள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன். அவர் தன் காலை என் பக்கத்தில் படாமல் ஒரு ஓரமாக ஒடுக்கிக்கொண்டார். யார் காலும் யார் மேலும் படவில்லை. உலகத்திலேயே மாமனாரும் மாப்பிள்ளையும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு போகிற முதல் கயாக் அதுவாகத்தான் இருக்கும். எட்ட இருக்கும்போது தெரியவில்லை. பக்கத்தில் பார்த்தால் மனிதருக்குக் காதோரம் நரைத்திருந்தது.

தூண்டிலில் அவர் மாட்டியது மீனும் இல்லை, இறாலும் இல்லை. சின்னதாக ஒரு பளபளத் தகடு. ட்ரவுட்டுக்கு இதுதானாம்.

"எம் பேத்தி கம்மல் இத வுடப் பெருசா இருக்கும் மாப்ள," என்றேன். "இங்க இருக்கறது கொடுவாங்க. இதையெல்லாம் திரும்பிக்கூடப் பாக்காது. எழுதி வச்சுக்குங்க."

"பாக்கலாம் மாமா," என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார். நூல் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. போதும் என்றதும் நிறுத்தி, கோலை என் கையில் கொடுத்தார். "நுனிய மட்டும் பாத்துட்டு இருங்க. அது துடிச்சிட்டே இருந்தா தகடு தண்ணியில ஆடுதுன்னு அர்த்தம். துடிப்பு நின்னா பாசி மாட்டிடுச்சின்னு அர்த்தம்."

வேலை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒருத்தர் நடக்கிற வேகத்தில் படகு போகிறது. தகடு பின்னால் வருகிறது. நாயைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போவார்களே ஆரோவில் பக்கம் வெள்ளைக்காரர்கள், அது போல மீனே இல்லாத தூண்டிலை நடத்திக்கொண்டு போனோம். இதற்காக ஒருவர் ஏழு கடல் தாண்ட வேண்டும். ஆனால் கோல் நுனி மட்டும் கையில் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருந்தது. குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தது போல. அது நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"அங்கே கோல யாரு புடிப்பாங்க?" என்று கேட்டேன். சும்மா இருந்தால் அவர் அந்தப் பேச்சை எடுத்துவிடுவார் என்ற பயம்தான்.

"யாரும் இல்ல மாமா. சைடுல செருகிட்டு நானே துடுப்புப் போடுவேன். திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்து வலிக்கும். இப்ப நீங்க எதுத்தாப்ல ஒக்காந்து பாக்குறீங்க, எவ்ளோ சுகமா இருக்குது."

"ஆமா ஆமா. கனடாவுக்கு ஒரு மாமனார பார்சல் அனுப்பச் சொல்றேன்."

சிரித்தார். சிரித்த கையோடு தொண்டையைச் செருமினார். "மாமா, நான் வந்த விஷயம் உங்களுக்கு..."

"அதோ பாருங்க, நாரை," என்றேன்.

பார்த்தார். நாரைதான். கழி முழுக்க நாரைதான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் ஆரம்பித்தார். நான் மதகு கட்டின கதையைச் சொன்னேன். அது முடிந்ததும், கூலிக்காரனாக இருந்த நான் முதல் பாத்தியைக் குத்தகைக்குப் பிடித்த கதையைச் சொன்னேன். அவர் அதை ஏற்கெனவே கல்யாணத்தில், வளைகாப்பில், பேத்தியின் காதுகுத்தில் எல்லாம் கேட்டிருக்கிறார். இருந்தாலும் முதல் தடவை கேட்கிறவர் போலத் தலையை ஆட்டினார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

பழைய கால்வாய் மதகுப் பக்கம் வரும்போது கோல் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"மாப்ள, பாசி மாட்டிக்கிச்சு. பெரிய பாசி," என்றேன். அவருக்குப் பின்னால் தண்ணீர் வெடித்தது. உடம்பு முழுவதும் வெளியே வந்து, வாயைத் திறந்து தலையை உதறி, திரும்பவும் விழுந்தது கொடுவா. கம்மல் அதன் வாயோரத்தில் மின்னியதை நானே பார்த்தேன். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னதை மாப்பிள்ளை எழுதி வைக்காதது நல்லதாகப் போயிற்று.

"நூல வுடுங்க மாமா, இழுக்காதீங்க. அதுவே சுத்தும்," என்று துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். கோலில் நூல் சுற்றியிருந்த உருளை சுழன்றது. மீன் நேராக மதகுத் தூண்களுக்குள் புகுந்தது. நூல் தூணில் சுற்றிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், போய்விட்டது என்றார் அவர்.

என் தண்ணீரில், என் கண் முன்னால், ஒரு கொடுவா எனக்குப் போக்குக் காட்டுவதா? கோலை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கிவிட்டேன். தண்ணீர் தொடைக்கு மேல் இல்லை. "மாமா, செருப்பு," என்றார். உப்பளத்துக்காரன் காலுக்குச் செருப்பு எதற்கு? எத்தனை வருஷம் உப்பு மிதித்த பாதம். முள் குத்தினால் முள்தான் உடையும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற பாதம்.

அந்தத் தூண்களின் அடியெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தே மிதித்தேன். பிளேடு இறங்குவது போலக் குதிகால் ஓரத்தில் இறங்கியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தூணைச் சுற்றி நூலை விடுவித்து, வந்த மீனை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கினேன். ஆரஞ்சுச் சட்டை அதற்கு மட்டும் உபயோகப்பட்டது. படகுக்குள் போட்டுவிட்டு நானும் ஏறி விழுந்தேன்.

"விட்டுடலாமா மாமா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார்.

நான் பார்த்த பார்வையில் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்புறம்தான் படகின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவப்பாக இருந்ததைக் கவனித்தார். "மாமா, கால நீட்டுங்க."

"ஒண்ணும் இல்ல. சின்னக் கீறல்."

"சுகர் இருக்கிற காலு. நீட்டுங்க சொல்றேன்."

எனக்கு அப்படி உத்தரவு போட்ட ஆள் ஊரில் யாரும் இல்லை, என் வீட்டுக்காரியைத் தவிர. நீட்டிவிட்டேன். அவர் என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கக் கொண்டு வந்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். விரலால் தடவிச் சிப்பித் துண்டு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது, எடுத்தார். தன் பனியனைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கரையில் நின்று, நீங்க இப்படி ஒக்காருங்க, நான் அப்படி ஒக்கார்றேன் என்று விடிகாலையில் பாதியைக் கழித்தோமே, அத்தனையும் வீண். கட்டி முடித்த பிறகும் ரத்தம் நிற்கட்டும் என்று காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இப்போது நாரையைக் காட்டித் தப்பிக்க வழி இல்லை. கால் அவர் கையில் இருந்தது.

அவர் வாய் திறப்பதற்குள் நானே திறந்தேன். "அந்த மலையில அத்தன மீன் புடிக்கிறீங்களே. எதுக்கு எல்லாத்தையும் வுட்டுடுறீங்க? பாவம்னா?"

"அதெல்லாம் இல்ல மாமா." கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "மொதல்ல ஒருதடவ எடுத்துட்டுப் போனேன். வறுத்தேன். ஒரு ஆளுக்கு எவ்ளோ எறங்கும்? பாதிய பக்கத்து வீட்ல குடுக்கலாம்னா, அங்க யாரையும் தெரியாது. ஃபிரிட்ஜுல வச்சி, அப்புறம் குப்பையில போட்டேன். அதுலேருந்து விட்டுடுறது. ஞாயித்துக்கிழம ஆனா போவேன், புடிப்பேன், விடுவேன், வந்துடுவேன். வீட்ல இருந்து என்ன பண்றது?"

நான் குனிந்து மீனையே பார்த்தேன். எனக்குப் பேச்சு நின்றுபோவது அபூர்வம். அதை அவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்.

"மாமா, அவளையும் பாப்பாவையும் நான்..."

புஸ் என்று ஒரு சத்தம்.

நான் நாரை எதையும் காட்டவில்லை. சத்தம் படகின் அடியிலிருந்து வந்தது. கொடுவாவுக்கு முதுகில் முள் இருக்கும், குத்தூசி போல. உள்ளே கிடந்து துள்ளியதில் ரப்பரில் இறங்கிவிட்டது. அந்தப் படகு பிறந்ததிலிருந்து மீனைச் சுமந்ததே இல்லை. பிடித்த மீனையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தால் முள்ளைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு பக்கம் தளர்ந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளை ஒரு கையால் ஓட்டையை அழுத்திக்கொண்டு ஒரு கையால் துடுப்பைத் தள்ளினார். நான் மீனை அணைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலை நனையாமல் தூக்கிப் பிடித்தேன். தூக்கி வைக்க அவர் தோளைத் தவிர வேறு இடம் இல்லை. அந்தக் கோலத்தில்தான் கரைக்கு வந்தோம். பாத்தி மிதிக்கிற வரிசை மொத்தமும் கரையில் நின்றது.

மேஸ்திரி அம்மாள் நிதானமாகப் பார்த்தாள். படகைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், மாப்பிள்ளை தோளில் இருந்த என் காலைப் பார்த்தாள். "காலைல பட்டுடும் பட்டுடும்னு அந்தப் பாடு பட்டீங்களே," என்றாள். "இதுக்குத்தானா?"

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து மகள் ஓடி வந்து என் காலைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அப்பாவிடம் கேட்டீங்களா என்பது போல ஒரு பார்வை. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நான் கவனிக்கவில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மதியம் குழம்பு. வாசனைக்கே அக்கம்பக்கம் மன்னித்துவிட்டது, சாக்லேட் வராத குற்றத்தை. என் வீட்டில் மீன் தலை யாருக்கு என்பதில் கல்யாணம் ஆன நாளிலிருந்து சந்தேகம் வந்ததில்லை. என் வீட்டுக்காரி வழக்கம் போல அகப்பையில் அள்ளி என் இலைப் பக்கம் கொண்டு வந்தாள்.

"தலைய மாப்ளைக்கு வை," என்றேன்.

அகப்பை அந்தரத்தில் நின்றது. "ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள்.

"வைன்னா வை."

வைத்தாள். மாப்பிள்ளை இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் பேத்திக்கு முள் பார்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் என் வாயைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். இத்தனை பேர் காத்திருக்கும்போது ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் சோற்றையே பிசைந்துகொண்டிருப்பது?

"அந்த ஊர்ல நல்ல நல்ல மீனையெல்லாம் திங்கறதுக்கு ஆள் இல்லாம திருப்பித் தண்ணியில போடுறாங்களாம்," என்று மகளைப் பார்த்துச் சொன்னேன். "கேக்கவே வயிறு எரியுது. இந்த மாதிரி வீணடிக்கிறதெல்லாம் எனக்குப் புடிக்காது. போய் என்னான்னு பாரு."

அவள் ஊட்டுகிற கையை நிறுத்தினாள். "போய்...?"

விடமாட்டாள். என் மகள் அல்லவா. வார்த்தை வார்த்தையாக வாங்கித்தான் விடுவாள்.

"போய்ட்டு வா," என்றேன். "வான்னு சொன்னத மறந்துடாத."

மாப்பிள்ளை சட்டென்று குனிந்து மீன் தலையை உடைத்தார். கண்ணுக்குக் காரம் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரி குழம்பில் காரமே போடவில்லை, எனக்கு அல்சர். மகள் மட்டும் நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். "இத சொல்றதுக்கு ஏம்பா கால அறுத்துக்கிட்ட?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும்.

காயம் ஆற அதுபாட்டுக்கு நாளானது. வரப்பில் நாற்காலி போட்டு, காலை ஒரு உப்பு மூட்டை மேல் வைத்துக்கொண்டு பாத்தி மிதிப்பதை மேற்பார்வை பார்த்தேன். மாப்பிள்ளை கிளம்புகிற வரைக்கும் தினமும் வந்து அந்த வரிசையில் நின்று மிதித்தார். நான் சொல்லவில்லை, அவராகத்தான் வந்தார். அவர் மிதித்த பாத்தி கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் இருந்தது. படிப்பு எல்லா இடத்திலும் கைகொடுக்காது.

படகை விட்டுவிட்டுத்தான் போனார்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி உப்பளத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். அந்தக் கொடுவாவை நான் வெறுங்கையால் பிடித்தேன் என்று டீக்கடையில் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதில் இப்போது நம்புகிறார்கள். மேஸ்திரி அம்மாளை மட்டும் நான் டீக்கடைப் பக்கம் வரவிடுவதில்லை.

போன வாரம் மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வாணலியில் ட்ரவுட். ரோஸ் கோடு கருகிப்போயிருந்தது. பின்னால் மேசையில் மூன்று தட்டு. மூன்றா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி தோள் வழியாக எட்டிப் பார்த்து, "எப்டி இருக்காங்க?" என்றாள்.

"உப்பு பத்தாது," என்றேன். "பாத்தாலே தெரியுது."